அணையாவிளக்கு லாக் ஆஃப் செய்த நாள்

வேலைக்கு வந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் செருப்பைக் கழற்றுவது. இரண்டாவது, சர்வரில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது. அன்றைக்கு முதல் காரியம் முடிவதற்குள் இரண்டாவது காரியம் அவளைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. மேனேஜர் கதவருகே நின்றிருந்தார்.

"என்னம்மா, ஒரு ஃபைல் சேவ் ஆக மாட்டேங்குது. கீழ எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"பாக்கறேன் சார்."

"நேத்தும் பாக்கறேன்னுதான் சொன்னீங்க."

நேற்றும் பார்த்தாள். முந்தாநாளும் பார்த்தாள். பார்ப்பதற்கு என்ன, கண் இருந்தால் போதும். இல்லாத இடத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் கேள்வி. புது டிஸ்க் வந்து பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதை மாட்ட வேண்டுமென்றால் சர்வரை நிறுத்தி எழுப்ப வேண்டும். நிறுத்த வேண்டுமென்றால் எல்லாரும் வெளியே வர வேண்டும். எல்லாரையும் வெளியே வரவழைப்பதற்குள் இவள் உயிர் போய்விடும்.

"இன்னைக்கு ஒரு மணிக்கு நிறுத்திடுங்க. சாப்பாட்டு நேரம்தானே" என்றார் மேனேஜர். சொல்வது சுலபம். அவர் சொல்லிவிட்டுச் சுலபமாகப் போயும்விட்டார்.

அது செயற்கைக் கை, கால் செய்து பொருத்துகிற இடம். தரைத்தளத்தில் அளவெடுப்பதும் பொருத்துவதும், முதல் மாடியில் பட்டறை, இரண்டாவது மாடியில் அலுவலகம். அந்த மாடியின் கடைக்கோடியில், ஏசி இருமிக்கொண்டே இருக்கும் நீளமான அறையில், அவளும் சர்வரும். லிஃப்ட் உண்டு, ஆனால் அது சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு. வேலை பார்ப்பவர்களுக்குப் படிக்கட்டு. நூற்று முப்பது பேர் மேஜையிலும் இருப்பது வெறும் திரையும் விசைப்பலகையும்தான். அவர்கள் அடிக்கிற கடிதம், எடுக்கிற அளவு, திரையில் மாட்டி வைத்திருக்கிற குழந்தை படம் எல்லாம் மேலே இவள் அறையிலிருக்கும் ஒரே இயந்திரத்துக்குள் இருக்கின்றன. ஆளுக்கொரு ஃபோல்டர். அதற்குள் அவரவர் குடித்தனம்.

குடித்தனம் என்றால் லேசுப்பட்டதில்லை. ஒருவர் ஒரே படத்தை நாற்பது பிரதி எடுத்து வைத்திருப்பார், தொலைந்துவிடுமோ என்ற பயத்தில். இன்னொருவர் முக்கியமான கடிதங்களையெல்லாம் குப்பைத்தொட்டியில் போட்டுப் பத்திரப்படுத்துவார். கேட்டால், "அங்கதான் யாரும் கை வைக்க மாட்டாங்க" என்பார். பதினோரு வருடமாக அவள் இந்த நூற்று முப்பது வீட்டையும் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். கூட்டுக்குடும்பத்து மூத்த மருமகள் உத்தியோகம் மாதிரிதான். ஒழுங்காக நடக்கிறவரை அவள் ஒருத்தி இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் ஒரு பொருள் காணவில்லை என்றால் வீடு முழுக்க அவள் பெயர்தான்.

சட்டங்களையும் அவள்தான் போட்டிருந்தாள். தொண்ணூறு நாள் எட்டிப் பார்க்காதவர் ஃபோல்டர் அழிக்கப்படும். அதில் தாட்சண்யம் கிடையாது. அந்த அதிகாரத்தில் கால்வாசி வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவள் நினைப்பதுண்டு. தம்பி வெளிநாடு போய் ஆறு வருடமாகிறது. அவன் அலமாரி பூட்டியபடி கூடத்தில் நிற்கிறது. அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, கூடத்தில் கட்டில் போட இடம் போதவில்லை. "இதை வெளிய தள்ளிடலாம்" என்று அவள் அலமாரியைத் தொட்டதும் அம்மா ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சொன்னாள்: "அதை மட்டும் நகத்தாதே. அவன் வந்தா தேடுவான்." இப்போது கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே அவள் பக்கவாட்டில் நடக்கிறாள். இரவில் மூன்று தடவை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க எழுந்திருக்கிறாள். கணவனுக்கு இரவு ஷிஃப்ட், அவன் பகலில் பார்த்துக்கொள்கிறான். இருவரும் வாசலில் சந்தித்துக்கொள்ளும்போது மாத்திரை நேரத்தைத் தவிர வேறெதுவும் பேசி ஒன்றரை மாதமாகிறது.

முதல் வாரம் இன்னும் மோசம். இரவெல்லாம் ஆஸ்பத்திரி, பகலெல்லாம் அலுவலகம். ஒரு பிற்பகல் மேஜையிலேயே தலை சாய்ந்துவிட்டாள். விழித்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. அவளுக்குக் கதவைச் சாத்துகிற பழக்கமே கிடையாது. யாரோ வந்து, பார்த்து, எழுப்பாமல், சத்தம் கேட்காமல் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரென்று விசாரிக்க வெட்கமாக இருந்தது. வேலை நேரத்தில் தூங்கினேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே. அந்த முக்கால் மணி நேரத் தூக்கத்தை நினைத்தால் அவளுக்கு இப்போதும் கண் சொக்கும்.

சரி, லாக் ஆஃப். அவள் எல்லார் திரைக்கும் ஒரு அறிவிப்பு அனுப்ப உட்கார்ந்தாள். வழக்கமான வாசகம் ஒன்று தயாராகவே இருந்தது: 'இன்று ஒரு மணிக்கு சர்வர் நிறுத்தப்படும். அதற்கு முன் அனைவரும் வேலையைச் சேமித்து லாக் ஆஃப் செய்யவும்.' இதைப் படிப்பவர்கள் பத்து பேர், செய்பவர்கள் நாலு பேர். மற்றவர்கள் பெருக்கல் குறியை அழுத்தி ஜன்னலை மூடிவிட்டு எழுந்து போவார்கள். ஜன்னலை மூடினால் கண்ணுக்குத்தான் மறைகிறது, உள்ளே எல்லாம் விளக்கு எரிய, விசிறி சுற்ற, அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இதை அவள் படம் வரைந்து நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறாள். அந்தப் படத்தின் மேல் யாரோ சைக்கிள் விற்பனைக்கு என்று ஒட்டிவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் விரல் வாசகத்தின் கடைசியில் நின்றது. என்ன நினைத்தாளோ, இன்னொரு வரி சேர்த்தாள். 'இந்த ஒரு முறையாவது செய்யுங்கள். என்னால் முடியவில்லை.' அனுப்பிய பிறகு கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அனுப்பியது அனுப்பியதுதான். மணி பத்தரை.

பிறகு ஃபோல்டர்களை ஒவ்வொன்றாக அளந்துகொண்டு போனாள். எது பெருத்திருக்கிறது, எதைக் கரைக்கலாம் என்று பார்ப்பதற்கு. பட்டியலின் அடிப்பக்கத்தில் ஒன்று இருந்தது. ஆள் பெயர் இல்லை. டெம்ப் என்று மட்டும் இருந்தது.

அவள் திரைக்கு அருகே குனிந்தாள்.

டெம்ப் என்பது லாட்ஜ் அறை. ஒருவர் உள்ளே நுழையும்போது அவருடைய சொந்த ஃபோல்டரைச் சர்வரால் திறக்க முடியவில்லை என்றால், அவரை வெளியே நிறுத்தாமல் ஒரு வெற்று அறையைக் கொடுத்து உட்கார வைக்கும். அங்கே அவர் எதை வேண்டுமானாலும் செய்யலாம், சேமிக்கலாம். ஆனால் அறையைக் காலி செய்த நிமிடம், அதாவது லாக் ஆஃப் செய்த நிமிடம், உள்ளே விட்டுப்போனது அத்தனையும் துடைத்தெறியப்படும். கேள்வி முறை கிடையாது. பொதுவாக இந்த அறையில் யாரும் ஒரு நாளுக்கு மேல் தங்குவதில்லை. "என் படமெல்லாம் காணோம்" என்று பத்து நிமிடத்தில் ஃபோன் வந்துவிடும்.

இந்த டெம்ப் மூன்று ஜிபி இருந்தது. திறந்த தேதியைப் பார்த்தாள். நாற்பத்தேழு நாள்.

நாற்பத்தேழு நாள் லாக் ஆஃப் செய்யாமல் இருக்கக்கூடிய மனிதர் அந்தக் கட்டடத்தில் ஒரே ஒருவர்தான். பொருத்தும் அறையின் மூத்த டெக்னீஷியன். அவருக்கு அணையாவிளக்கு என்று பெயர் வைத்ததே அவள்தான். அது அவர் காதுக்கும் எட்டி, கோபித்துக்கொள்ளாமல் சிரித்துவிட்டார். அவர் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு ஃபைல் வைத்து, அதைத் திரையிலேயே பரப்பி வைப்பார். இந்த வாரம் கால் பொருத்த வேண்டியவர்கள் வலது பக்கம், காத்திருப்பவர்கள் இடது பக்கம், வலி என்று திரும்பி வந்தவர்கள் நட்ட நடுவில். ஒரு தடவை லாக் ஆஃப் செய்து திரும்ப வந்தபோது ஐகான்கள் எல்லாம் அகர வரிசையில் போய் அடுக்கிக்கொண்டன. அவருக்கு அது கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த மாதிரி ஆகிவிட்டது. அதிலிருந்து லாக் ஆஃப் என்றால் அவருக்குக் காய்ச்சல் வரும். நெடுநாள் லாக் ஆஃப் செய்யாதவரைத் தானாக வெளியே அனுப்பும் சட்டத்திலிருந்து அவருக்கு மட்டும் விலக்கு கொடுத்ததும் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவர் இரண்டு மாடி ஏறி வந்து கேட்டார். அவருக்கே இடது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அந்தக் காலோடு ஏறி வந்தவரிடம் முடியாது என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

ஏன் அவர் சொந்த ஃபோல்டர் திறக்கவில்லை? தேடிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நாற்பத்தேழு நாளுக்கு முன்பு என்பது அம்மா விழுந்த மறுநாள். முந்தின நாள் எல்லார் ஃபோல்டரையும் வேறு டிஸ்குக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது கணவன் ஃபோன் செய்தான். போட்டது போட்டபடி ஓடினாள். மறுநாள் விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மணி நேரம் கேட்டு வந்து, மிச்சத்தை அரக்கப்பரக்க மாற்றி, சர்வரை எழுப்பிவிட்டுத் திரும்ப ஓடினாள். மாற்றிய ஒவ்வொரு ஃபோல்டருக்கும் உரிமையாளர் பெயரைத் திரும்பக் கொடுக்க வேண்டும். கடைசி ஒன்றுக்குக் கொடுக்கவில்லை. வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சாவியை அவளே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

பழையதெல்லாம் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆபத்து புதியதற்கு. இந்த நாற்பத்தேழு நாளில் அவர் எழுதியது அத்தனையும் லாட்ஜ் அறையில் கிடக்கிறது. தினமும் எடுக்கிற பேக்கப்பில் இருக்குமா? இருக்காது. டெம்ப் என்ற பெயருள்ள எதையும் எடுக்காதே என்று சட்டம் போட்ட புண்ணியவதியும் அவள்தான். அவர் லாக் ஆஃப் செய்யாத வரை எல்லாம் உண்டு. செய்தால் ஒன்றும் கிடையாது.

'பரவாயில்லை. அவராவது, லாக் ஆஃப் செய்வதாவது' என்று நினைத்துக் கொஞ்சம் மூச்சு விட்டாள். ஒரு மணிக்குள் வெளியே எடுத்து வைத்தால் போதும். டெம்ப் ஃபோல்டரை முழுசாகப் பிடித்து இழுத்து வேறொரு கணினியில் போட்டாள். பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. ஒரு எச்சரிக்கைக்காக அவருடைய திரைக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பினாள்: 'அண்ணா, தயவுசெய்து லாக் ஆஃப் செய்ய வேண்டாம்.' உடனே பதில் குறி வந்தது. ஓகே அழுத்தியிருக்கிறார். நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் தான் காலையில் எழுதிய வரி அவளுக்கு ஞாபகம் வந்தது. என்னால் முடியவில்லை.

மற்றவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். படித்தாலும் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். ஆனால் இந்த மனிதர்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அடுத்தவர் வலியைத் தேடுவதே அவர் தொழில். பொருத்தும் அறைக்கு ஃபோன் போட்டாள். எங்கேஜ்டாகவே இருந்தது. ஆளுக்குக் கால் மாட்டி நடக்கப் பழக்கும் நேரத்தில் அங்கே ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள், மணி அடித்து யாரும் தடுமாறி விழக்கூடாது என்று. அவள் செருப்புகூட மாட்டாமல் ஓடினாள்.

முதல் மாடித் திருப்பத்தில் மூளை விழித்தது. மேலிருந்தே அவர் இணைப்பைத் துண்டித்திருந்தால் போதும். திரை இருட்டாகியிருக்கும், அவரால் எதையும் செய்ய முடியாது, உள்ளே எல்லாம் அப்படியே இருந்திருக்கும். ஒரு சொடுக்கு. தூங்கி எழுந்த மனுஷிக்கு முதலில் தோன்றியிருக்கும். அவள்தான் தூங்குவதே இல்லையே. திரும்ப ஏறுவதா, இறங்குவதா என்று ஒரு கணம் நின்றுவிட்டு இறங்கினாள்.

பொருத்தும் அறையில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. நடுவே ஒரு தையல்காரப் பெண் புதுக் காலில் நின்றுகொண்டிருந்தாள். அணையாவிளக்கு கையெல்லாம் அச்செடுக்கிற வெள்ளை மாவுடன் மண்டியிட்டு அவள் கணுக்காலைத் திருகிக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா! இன்னைக்கு நான் நல்ல பிள்ளை. உங்க அறிவிப்பைப் பார்த்தேன். மனசு கேக்கல. எல்லாத்தையும் சேவ் பண்ணி, லாக் ஆஃப் பண்ணிட்டேன்."

"எப்பண்ணா?"

"இப்பதான், ரெண்டு நிமிஷம் இருக்கும். பையனுங்களுக்கும் சொல்லிட்டேன், அந்தம்மா பாவம், ஒரு தடவையாவது சொன்னதைக் கேளுங்கடான்னு."

"நான் உங்களுக்குத் தனியா ஒண்ணு அனுப்பினேனே? ஓகே குடுத்தீங்களே?"

"ஏதோ பெட்டி வந்துச்சு. ஓகே குடுத்தேன். ஓகே குடுத்தாதானே போகும்?"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி மாடி ஏறினாள். ஏறும்போது ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது, அந்தப் பச்சைக் கோடு. மூன்று ஜிபிதானே, பாதியாவது வந்திருக்கும்.

வந்திருந்தது. முன்னூற்றுச் சொச்சம் எம்பி. திறந்து பார்த்தாள். ஃபோல்டரை முழுசாக இழுத்தால் அகர வரிசைப்படித்தான் எடுக்கும். அந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது புரோகிராம்கள் தங்களுக்காகச் சேர்த்து வைக்கும் குப்பை. ஆயிரக்கணக்கான துண்டுத் துணுக்குகள். அந்தக் குப்பையை ஒன்று விடாமல் கர்ம சிரத்தையாக எடுத்து முடித்த இடத்தில் கோடு நின்றிருந்தது. அடுத்தது டெஸ்க்டாப். அதை மட்டும் இழுத்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அழிந்ததை மீட்கும் கருவியைப் போட்டுத் துழாவினாள். பெயர்கள் வந்தன, உள்ளே எல்லாம் காலி. இடத்துக்குப் பறந்துகொண்டிருந்த சர்வர், காலியான இடத்தில் அடுத்த நொடியே வேறெதையோ எழுதிவிட்டது. அவள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

ஒரு மணிக்குச் சர்வரை நிறுத்தினாள். டிஸ்க்கை மாட்டினாள். அவருடைய பழைய ஃபோல்டருக்கு அவர் பெயரைக் கொடுத்தாள், இந்தத் தடவை மூன்று முறை சரிபார்த்து. ஒன்றேகாலுக்கு எழுப்பிவிட்டுக் கீழே போனாள்.

போகும் வழியில் ஒரு யோசனை வந்தது, வராமல் இருக்குமா? சர்வர் மக்கர் பண்ணிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. அந்தக் கட்டடத்தில் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. மேனேஜர்கூட, "மெஷின்தானே, என்ன செய்ய" என்று சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் கிடக்கிற சுமைக்கு இதையும் ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? படி இறங்கி முடிக்கும்போது அவள் பாதி மனதாக அதற்குச் சம்மதித்துவிட்டிருந்தாள்.

அவர் சாப்பிட்டுவிட்டு வந்து திரை முன் உட்கார்ந்திருந்தார். கடவுச்சொல்லை ஒற்றை விரலால் அடித்தார். திரை ஒரு கணம் இருண்டு, வெளுத்தது. அவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா! இங்க பாருங்கம்மா! எல்லாம் வந்துடுச்சு!"

வலது பக்கம், இடது பக்கம், நடுவில். பதினோரு வருடத்து ஐகான்கள் அவர் கடைசியாக வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. அவர் நகத்தில் மாவு ஒட்டிய விரலால் திரையைத் தொட்டார்.

"போச்சுன்னு நினைச்சேன்மா. ஒரு நாள் காலையில வந்து பார்த்தா துடைச்ச பலகை மாதிரி இருந்துச்சு. சரி, இடமில்லைன்னு அழிச்சிட்டாங்க போலன்னு விட்டுட்டேன். எங்கேருந்து தோண்டி எடுத்தீங்க? டேய், எல்லாரும் வாங்கடா! அக்கா பழசு அத்தனையும் மீட்டுக் குடுத்துட்டாங்க!"

பட்டறைப் பையன்கள் வந்து நின்றார்கள். ஒருவன் கைகூடத் தட்டினான். பதினோரு வருடத்தில் அவளுக்கு யாரும் கைதட்டியதில்லை. அந்தச் சத்தத்தில் அவள் பாதி மனதாகச் சம்மதித்திருந்தது நொறுங்கிப்போனது.

"அண்ணா, உட்காருங்க. இது போகவே இல்ல. இங்கேயேதான் இருந்துச்சு. அம்மா விழுந்த மறுநாள் நான் அவசரத்துல உங்க ஃபோல்டருக்கு மட்டும் பேர் குடுக்காம போயிட்டேன். அதனால சர்வர் உங்களுக்குச் சும்மா ஒரு தற்காலிக இடத்தைக் குடுத்திருக்கு. லாக் ஆஃப் பண்ணா அது அழிஞ்சிடும்."

அவர் சிரிப்பு முகத்திலேயே நின்றது. "அப்ப, இந்த ஒன்றரை மாசமா நான் அடிச்சது?"

"போச்சு."

"எல்லாமா?"

"எல்லாமேதான். நீங்க லாக் ஆஃப் பண்ணது தப்பில்ல. நான் சொல்லித்தானே பண்ணீங்க. தப்பு என்னோடது."

பையன்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவர் உட்கார்ந்தார். வெகு நேரம் நகத்திடுக்கில் இருந்த மாவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பழசு போச்சுன்னு, அலமாரில இருக்கிற கால் அச்சை ஒவ்வொண்ணா இறக்கி வச்சு, டேப் போட்டுத் திரும்ப அளந்தேன். சாயந்திரம் எல்லாரும் போன பிறகு. முப்பத்திரண்டு பேருக்கு." அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "அதுவும் வீண், இதுவும் போச்சு. அளவு போனா போகட்டும்மா, அச்சு இருக்கு, மறுபடி அளந்துக்கலாம். அவங்க சொன்னது? புதுசா பத்தொன்பது பேர். எங்க அழுத்துது, எப்ப எரியுது, ராத்திரி எந்தப் பக்கம் படுக்க முடியலன்னு. அதை வாய் திறந்து சொல்ல வைக்கவே ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் ஆகும். இதுக்குத்தான் காகிதம் வேணும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எல்லாம் சர்வர்லதான், காகிதமே கூடாதுன்னு ஆபீஸ்ல சட்டம் போட்டாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. களைப்பு சில நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். "திரை வெறுமையா இருந்த அன்னைக்கே ஒரு வார்த்தை என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே அண்ணா? பத்து நிமிஷத்துல சரி பண்ணியிருப்பேனே! ஏன் வரல?"

"வந்தேனே" என்றார் அவர். "மூணாவது நாளோ நாலாவது நாளோ. மேல ஏறித்தான் வந்தேன். நீங்க மேஜை மேல தலை வச்சுத் தூங்கிட்டு இருந்தீங்க. வாய் லேசா திறந்திருந்துச்சு. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு கீழ பேசிக்கிட்டாங்க. இந்தப் பொண்ணை எழுப்பி என் ஐகான் காணோம்னு கேக்கறதான்னு திரும்பிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள். "கதவை..."

"ஆமா, ஏசி காத்து வீணாப் போகுதேன்னு சாத்திட்டு வந்தேன்."

இப்போது அழுகை வந்தது. அந்த அறையில் அழுவது புதிதல்ல. அழுகிறவர்களுக்கென்றே கம்பி முனையில் ஒரு துண்டு தொங்கும். அவர் அதை எடுத்துக் கொடுத்தார், வழக்கமாக எல்லாருக்கும் கொடுக்கிற மாதிரியே, முகத்தைப் பார்க்காமல். அவள் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்த ரிசீவரை எடுத்து அதன் இடத்தில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பத்தொன்பது பேர் யார் யாருன்னு சொல்லுங்க. நம்பர் வரவேற்புல இருக்கும். நானே கூப்பிடறேன்."

"உங்களுக்கு மேல வேலை இல்லையா?"

"இருக்கு."

அவர் கண்ணை மூடி ஒவ்வொருவராகச் சொன்னார். பதினேழு பேர் சட்டென்று வந்தார்கள், மீதி இருவருக்கு நெற்றியைத் தேய்க்க வேண்டியிருந்தது. அவள் அச்சுப்பொறியிலிருந்து நாலு வெள்ளைத் தாளை உருவிக்கொண்டு வந்தாள். முதல் ஆள் ஒரு சமையல்காரர். நாளெல்லாம் நின்றுகொண்டே வேலை செய்கிறவர். மூன்றாவது மணி அடித்ததும் ஃபோனை எடுத்தார்.

"கால் செய்யற இடத்துலேருந்து பேசறேங்க. உங்களுக்கு எந்த இடத்துல வலிக்குதுன்னு..."

"அதான் போன வாரமே அந்த அண்ணன்கிட்ட சொன்னேனேம்மா. என் வீட்டுக்காரிகிட்டகூட சொல்லாததையெல்லாம் சொன்னேனே."

"சொன்னீங்க. அவர் எழுதியும் வச்சிருந்தார். நான்தான் அதைத் தொலைச்சிட்டேன். இன்னொரு தடவை சொல்லுங்க."

அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்படுகிற சத்தம். அவர் தனியாக எங்கோ போய் நின்றுகொண்டு, மெல்லிய குரலில், முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். முழங்காலுக்குக் கீழே, உள்பக்கம், என்று அவள் தாளில் எழுதினாள்.